துபாயில இருக்குற அப்பாவுக்கு டே கேர் கேமராவை லைவா கொடுக்கலாமா?

வேளிமலை | 8 நவம்பர் 2025, இரவு 9.12

தக்கலைப் பக்கம் பிளே ஸ்கூலும் டே கேரும் சேர்ந்த ஒரு மையம். 2 முதல் 5 வயது வரை 34 பிள்ளைகள், 4 டீச்சர், 2 ஆயா. 6 கேமரா, ஒரு டிவிஆர் (கேமரா காட்சியைப் பதியுற பெட்டி), பிஎஸ்என்எல் ஃபைபர். பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு அப்பா கல்ஃப்ல. "மோளை ஒரு தடவை பாக்கணும், கேமரா லிங்க் தாங்க"ன்னு தினமும் யாராவது ஒருத்தர் கேக்குறாங்க. கேமரா மாட்டுனவர், ஒரே ஐடி பாஸ்வேர்டை எல்லாருக்கும் கொடுத்திரலாம், வேற சில இடத்துல அப்படித்தான் ஓடுதுங்கிறார். கொடுக்கலாமா? கொடுத்தா எப்படி?

பேச்சிப்பாறை_மதகு | 8 நவம்பர், 9.31

கொடுக்காதீங்க.

பேச்சிப்பாறை_மதகு | 8 நவம்பர், 10.20

ஏன்னு கேட்டு நாலு பேர் தனிச் செய்தி அனுப்பியாச்சு, அதனால விரிவா.

ஒரு அப்பா தன் பிள்ளையைத்தான் பாப்பார்னு நினைக்கோம். அவர் ஃபோன்ல வர்றது 34 பிள்ளைகள். ஸ்கிரீன் ரெக்கார்டு போட்டா உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரே ஐடின்னா டிவிஆர் பதிவேட்டுல யார் நுழைஞ்சாலும் ஒரே பேர்தான் நிக்கும். நாளைக்கு ஒரு வீடியோ வெளிய போனா யாரைக் கேப்பீங்க? பிள்ளை படிப்பு முடிஞ்சு போனாலும் அந்த ஃபோன்ல செயலி அப்படியே இருக்கும். பல டிவிஆர்ல ஐடி கொடுத்ததும் பழைய பதிவைப் பார்க்குற அனுமதியும் கூடவே போயிரும். டயப்பர் மாத்துற இடம், மதியம் தூங்குற அறை எல்லாம் அதுல வரும்.

2025 பிப்ரவரியில ராஜ்கோட்ல ஒரு மகப்பேறு மருத்துவமனையோட சிசிடிவி காட்சிகள் யூடியூப் வரைக்கும் போய், டெலிகிராம்ல காசுக்கு விக்கப்பட்டது நினைவிருக்கும். அங்க இருந்த பாஸ்வேர்டு "அட்மின்123". உங்க டிவிஆரோட பாஸ்வேர்டு என்னன்னு கேமரா மாட்டுனவர்ட்ட இப்பவே கேளுங்க. அவருக்கு அது மனப்பாடமா இருந்தா, அவர் மாட்டின எல்லா இடத்துக்கும் அதே பாஸ்வேர்டுதான்.

கோட்டார்_சந்தை | 9 நவம்பர், காலை 7.05

கூடவே பிரவுசர்ல 192.168.1.1 போட்டு ரூட்டர் செட்டிங்குக்குப் போய், போர்ட் ஃபார்வர்டிங்ல (வெளியிலிருந்து உள்ள வரத் திறந்து விடுற வாசல்) 80, 554, 8000, 37777 இருந்தா எடுத்திருங்க. யுபிஎன்பி (கருவிகள் தானாவே அந்த வாசலைத் திறக்குற வசதி) இருந்தா ஆஃப். இதுதான் முதல் ஓட்டை.

குழித்துறை_பாலம் | 9 நவம்பர், 8.44

அண்ணன் சொன்னதுல ஒரு திருத்தம். போர்ட்டை மூடுறது நல்லதுதான். ஆனா இப்ப வீட்டு ஃபைபர் இணைப்புல பெரும்பாலும் பொது ஐபி கிடையாது, சிஜிநாட்டுக்கு (பல வீட்டுக்கும் ஒரே பொது ஐபியைப் பங்கு போடுற ஏற்பாடு) உள்ளதான் இருப்பீங்க. போர்ட்டைத் திறந்து வச்சாலும் ஐபிவி4ங்கிற பழைய முகவரி முறை வழியா வெளியிலிருந்து எட்டாது. கேமரா மாட்டுற ஆட்கள் அதனாலதான் போர்ட்டை விட்டுட்டு டிவிஆர் மேல ஒட்டியிருக்குற க்யூஆரை ஸ்கேன் பண்ணி பி2பி (கேமரா கம்பெனி சர்வர் மூலமா இணையுற முறை) வழியா ஃபோன்ல காட்டிட்டுப் போறாங்க. ஓட்டை அங்க. பாக்க வேண்டிய வரிசை:

டிவிஆர் மெனு, நெட்வொர்க், "பி2பி" அல்லது "பிளாட்ஃபார்ம் ஆக்சஸ்". வெளியில இருந்து பாக்க வேண்டிய தேவை யாருக்குமே இல்லைன்னா ஆஃப். மேலாளர் ஒருத்தருக்குத் தேவைன்னா ஆன்ல வச்சு, வெரிஃபிகேஷன் கோடை மாத்தி, ஸ்ட்ரீம் என்கிரிப்ஷனை ஆன் பண்ணுங்க. பெட்டி மேல அச்சடிச்ச கோடு அப்படியே இருந்தா, அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்தவன் எல்லாம் அதைத் தெரிஞ்சவன்தான்.

டிவிஆர் எந்தச் செயலிக் கணக்குல சேர்ந்திருக்குன்னு பாருங்க. பல இடத்துல அது மாட்டுனவரோட சொந்தக் கணக்கு. உங்க கணக்குக்கு மாத்தி, அவரை "அன்பைண்ட்" பண்ணி அவர் கணக்குல இருந்து கழட்டச் சொல்லணும். காசைக் கொடுத்து அனுப்புறதுக்கு முன்னால, உங்க கண்ணு முன்னாலயே.

இன்னொண்ணு, ஐபிவி6, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் தனி வெளி முகவரி கொடுக்குற புது முறை. சிஜிநாட் இருக்குன்னு அசால்ட்டா இருக்கவும் முடியாது. ரூட்டர் ஐபிவி6 கொடுத்து அதோட ஃபயர்வால் ஆஃப்ல இருந்தா கேமரா நேரா வெளிய தெரியும். டிவிஆர்ல ஐபிவி6 தேவையே இல்லை, அணைச்சிருங்க.

கோட்டார்_சந்தை | 9 நவம்பர், 9.02

கொள்ளாம். நம்ம ஊர்ல இன்னொண்ணும் சேர்த்துக்கிடணும். ஐப்பசி இடியில ஃபைபர் மோடம் போச்சுன்னா ஆள் வந்து புதுசு மாட்டிட்டுப் போவார். அதுல எல்லா செட்டிங்கும் பழையபடி: யுபிஎன்பி ஆன், அட்மின் பாஸ்வேர்டு கம்பெனியில போட்டது, வைஃபை பாஸ்வேர்டு பெட்டி மேல. மோடம் மாத்தினா அன்னைக்கே எல்லாத்தையும் திரும்ப போடணும். என்னென்ன மாத்தணும்னு ஒரு தாள்ல எழுதி பீரோ உள்பக்கம் ஒட்டுங்க. பாஸ்வேர்டை அந்தத் தாள்ல எழுதிராதீங்க, புண்ணியமா போகும். வகுப்புல ஆனா ஆவன்னா சார்ட்டுக்குப் பக்கத்துல வைஃபை பாஸ்வேர்டு ஒட்டியிருக்குற மையங்களும் இந்த மாவட்டத்துல உண்டு.

வேளிமலை | 9 நவம்பர், இரவு 8.15

பாஸ்வேர்டு "அட்மின்" கூட பள்ளிக்கூடப் பேர். மாத்தியாச்சு. பி2பி கணக்கு அவர் பேர்லதான் இருந்துச்சு. ஆனா அப்பாமார்ட்ட என்ன சொல்ல? கேமரா இல்லைன்னா வேற பள்ளிக்குப் போயிருவாங்க.

சத்துமாவு | 9 நவம்பர், 9.40

தினமும் ஒரு நேரம் வச்சு வீடியோ கால் பண்ணிக் கொடுங்க டீச்சர். பாக்குறதை விட பேசுறதுதான் பிள்ளைக்கும் பிடிக்கும்.

குழித்துறை_பாலம் | 10 நவம்பர், காலை 6.50

அக்கா சொன்னது சரி, ஆனா துபாய், அபுதாபியில வாட்ஸாப் கால் ஓடாது. அங்க போட்டிம் மாதிரிச் செயலிதான். நம்ம 12.30 அவங்களுக்கு 11 மணி, சவூதியில 10. வேலை நேரத்துல அவங்களால எடுக்கவும் முடியாது. 20 வினாடி வீடியோ, அந்தப் பிள்ளை மட்டும், பின்னால வெறும் சுவர், மையத்தோட ஃபோன்ல எடுத்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தனித்தனியா அனுப்பினா போதும். வாரம் ரெண்டு. 34 பேருக்கும் சேர்த்து ஒரு டீச்சருக்கு தினமும் அரைமணி நேரம் ஆகும், அந்தச் செலவை ஒத்துக்கிட்டுத்தான் இறங்கணும்.

அனுப்புறதைப் படமாவோ வீடியோவாவோ அனுப்புங்க, "டாக்குமெண்ட்"டா அனுப்பாதீங்க. படமா போனா எடுத்த இடத்தோட விவரத்தை வாட்ஸாப் அழிச்சிரும். டாக்குமெண்டா போனா அது அப்படியே கூடப் போகும். கேமரா செயலியில லொக்கேஷனையே அணைச்சு வைக்கிறது இன்னும் நல்லது.

பேச்சிப்பாறை_மதகு | 10 நவம்பர், 1.15

"மையத்தோட ஃபோன்". இதுதான் இந்த இழையில வந்ததிலேயே முக்கியமான வார்த்தை. கேமராவை விட டீச்சரோட சொந்த ஃபோன்தான் பெரிய கசிவு, யாரும் அதைப் பேசுறதில்லை. டீச்சர் நல்லவங்களா இல்லையாங்கிறது விஷயமே இல்லை. ஃபோன்ல எடுத்த படம் தானா கூகுள் ஃபோட்டோஸ்க்கு ஏறும். அதே கணக்கு வீட்டு டிவியில, மகனோட டேப்ல இருக்கும். வேலையை விட்டுப் போனாலும் 34 பிள்ளைகளும் அந்தக் கணக்குல இருப்பாங்க.

ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு ஃபோன் போதும். மையத்தோட பேர்ல சிம், மையத்துக்குன்னு தனி கூகுள் கணக்கு. ஃபோட்டோஸ் பேக்கப் ஆஃப். வாட்ஸாப்ல "மீடியா விசிபிலிட்டி" ஆஃப், டூ ஸ்டெப் பின் 6 இலக்கம், மேலாளருக்கு மட்டும் தெரியணும். மாசம் ஒருநாள் "லிங்க்ட் டிவைசஸ்" திறந்து பாக்கணும். 4 கருவி வரைக்கும் இணைக்கலாம், யாரோ ஒருத்தரோட லேப்டாப் வாட்ஸாப் வெப்ல மறந்து கிடக்கும். சாயங்காலம் ஃபோன் பீரோவுக்குள்ள, சாவி ஒருத்தர்ட்ட. டீச்சர்மாரோட சொந்த ஃபோன் வகுப்புக்குள்ள வரக்கூடாது. அவசரத்துக்கு வீட்டுல இருந்து கூப்பிட மையத்தோட எண்ணைக் கொடுத்திரணும். அதைக் கொடுக்காம ஃபோனை மட்டும் வாங்கி வச்சா அந்த விதி ஒரு வாரம் கூட நிக்காது.

சத்துமாவு | 10 நவம்பர், 9.20

வாட்ஸாப் குழு இருக்குல்லா, அதைப் பத்தியும் சொல்லுங்க. "அட்மின் மட்டும் பேசலாம்"னு போட்டா போதுமா?

குழித்துறை_பாலம் | 10 நவம்பர், 10.05

போதாது. பேச முடியாதே தவிர எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பிரிஞ்சு வாழுற அப்பா அம்மா ரெண்டு பேரும் ஒரே குழுவுல இருந்தா இன்னும் சிக்கல். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்க: 256 பேர் வரைக்கும் போகும், ஒருத்தர் எண் இன்னொருத்தருக்குத் தெரியாது. ஒரே நிபந்தனை, அவங்க உங்க எண்ணை சேவ் பண்ணியிருக்கணும், இல்லைன்னா செய்தி போகாது. சேர்க்கைப் படிவம் வாங்கும்போதே பெற்றோர் ஃபோன்ல சேவ் பண்ண வச்சிருங்க. லீவு அறிவிப்பு, மழை விடுமுறை இதெல்லாம் பிராட்காஸ்ட்ல. பிள்ளை படம் தனியா.

கோட்டார்_சந்தை | 12 நவம்பர், 6.30

டிவிக்கு வாரேன். சுவர்ல ஒரு ஸ்மார்ட் டிவி, அதுல ரைம்ஸ், அதுல ஆட்டோபிளே. டீச்சர் ஒரு பிள்ளைக்கு மூக்கு சிந்தி விட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள டிவி எங்கயோ போயிரும். யூடியூப் கிட்ஸ்ல "அப்ரூவ்டு கன்டென்ட் ஒன்லி"னு ஒரு வகை உண்டு, நாம தேர்ந்தெடுத்தது மட்டும்தான் ஓடும், தேடலும் இருக்காது. ரூட்டர்ல டிஎன்எஸ் (தளத்தோட பேரை முகவரியா மாத்துற சேவை) 1.1.1.3, 1.0.0.3 போட்டா ஆபாசத் தளங்களும் வைரஸ் தளங்களும் பெரும்பாலும் வராது. யூடியூப்புக்குள்ள இருக்குற கண்டதை அது தடுக்காது, அதைப் போட்டுட்டு நிம்மதியா இருந்திராதீங்க. இதெல்லாம் தொல்லைன்னா, 20 பாட்டை பென் டிரைவ்ல போட்டு டிவியில சொருகி, டிவியோட வைஃபையை அணைச்சிருங்க. எனக்கு இதுதான் பிடிக்கும்.

எப்படியும் 2 முதல் 4 வயசுப் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல திரை வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லியாச்சு. அதுல வீட்டுல பாக்குறதும் சேரும்.

பேச்சிப்பாறை_மதகு | 14 நவம்பர், இரவு 8.00

குழந்தைகள் தினம். இன்னைக்கு மட்டும் ஃபேஸ்புக்ல எத்தனை பிளே ஸ்கூல் பக்கம் பாத்தேன்னு கேக்காதீங்க. நேரு தொப்பி, ரோஜா, கழுத்துல அடையாள அட்டை. அந்த அட்டையை ரெண்டு விரலால பெருசாக்கிப் பாருங்க: பிள்ளை பேர், ரத்த வகை, அப்பா பேர், ஃபோன் எண், வீட்டுப் பேரோட முகவரி. பின்னால வேன், வேன் மேல ரூட். "அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, நான் சித்தப்பா, பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்தேன்"னு ஒருத்தன் வந்து நிக்க வேற என்ன வேணும்?

அட்டையில முன்பக்கம் பேரும் மையத்தோட எண்ணும் மட்டும் இருந்தா போதும். மத்தது எல்லாம் பதிவேட்டுல. படம் எடுக்கும்போது அட்டையைச் சட்டைக்குள்ள விடுங்க. பொதுப் பக்கத்துக்கு முகம் தெரியாத படம்: கை, களிமண், பின்பக்கம். தண்ணீர் விளையாட்டு, டயப்பர், அரை உடம்பு எதுவும் கூடாது, ஒப்புதல் இருந்தாலும் கூடாது.

குழித்துறை_பாலம் | 16 நவம்பர், காலை 10.10

சட்டம் பேச நேரம் வந்தாச்சு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல வந்தது. அதுக்கான விதிகள் இந்த வாரம்தான் அறிவிப்பாயிருக்கு. முக்கியக் கடமைகள் 18 மாசம் கழிச்சு, அதாவது 2027 மே மாசம் நடைமுறைக்கு வரும். 18 வயசுக்குக் கீழ எல்லாரும் அதுல குழந்தைதான். பெற்றோரோட சரிபார்க்கத்தக்க ஒப்புதல் இல்லாம தரவைக் கையாளக்கூடாது. குழந்தைகள் சம்பந்தப்பட்ட கடமையில தவறினா 200 கோடி வரை அபராதம். அது உச்ச வரம்பு, நம்ம தக்கலை டே கேருக்கு அந்தத் தொகையைப் போடுவாங்கன்னு பயப்பட வேண்டாம்.

விதிகள்ல டே கேருக்கும் பள்ளிக்கும் ஒரு விலக்கு உண்டு: பிள்ளைகளோட பாதுகாப்புக்காகக் கண்காணிக்கலாம். அப்போ கேமரா வைக்கலாம். அதே காட்சியை விளம்பர வீடியோ ஆக்குறதுக்கு அந்த விலக்கு பொருந்தாது. என் கணக்குல, அப்பாவுக்கு லைவ் கொடுக்குறதுக்கும் பொருந்தாது, ஏன்னா மத்த 33 பிள்ளையோட பாதுகாப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

படிவத்துல ஒரே கையெழுத்து வாங்காதீங்க. தனித்தனிக் கட்டம்: கேமரா பதிவு, சொந்தப் பெற்றோருக்குப் படம், பொதுப் பக்கத்துல படம். கடைசிக்கு "வேண்டாம்"னு சொன்னா சேர்க்கை மறுக்கக்கூடாது. பின்னால மனசு மாறினாலும் போட்ட படத்தை எடுத்திரணும்.

வேளிமலை | 16 நவம்பர், 9.00

ஆதார் நகல்? 34 பிள்ளைக்கும் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து வாங்கி வச்சிருக்கோம்.

குழித்துறை_பாலம் | 16 நவம்பர், 9.25

எதுக்கு? வயசுக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும், அதையும் பாத்துட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். ஆதார் வேணும்னே இருந்தா மாஸ்க்டு ஆதார், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும், பெற்றோரே யுஐடிஏஐ தளத்துல இறக்கிக்கலாம். ஏற்கெனவே வாங்கினதைக் கிழிச்சுக் குப்பையில போடாதீங்க, அவங்கவங்கட்டயே கொடுத்திருங்க. ஃபோன்ல படம் எடுத்து வச்சிருந்தா அதையும் அழிச்சு, "ட்ராஷ்"லயும் போய் அழிக்கணும்.

பேச்சிப்பாறை_மதகு | 17 நவம்பர், 7.40

ஆதாரை ஏன் குறைக்கணும்னா, இந்த செப்டம்பர்ல லண்டன்ல கிடோங்கிற மழலையர் பள்ளிக் குழுமத்துல சுமார் 8,000 பிள்ளைகளோட படம், பேர், முகவரி திருடுபோச்சு. திருடினவங்க சில பிள்ளைகளோட விவரத்தை டார்க் வெப்ல போட்டாங்க, பெற்றோருக்கு நேரா ஃபோன் பண்ணியும் மிரட்டினாங்க. அக்டோபர்ல இது சம்பந்தமா கைதான ரெண்டு பேருக்கும் வயசு 17. நம்ம ஊர்ல பள்ளிச் செயலி விக்க வர்றவங்கட்ட ஒரு சோதனை வையுங்க: ஒரு பிள்ளையோட பட லிங்க்கை நகல் எடுத்து, இன்காக்னிட்டோவுல லாகின் இல்லாம திறங்க. திறந்துச்சுன்னா வாங்காதீங்க. லிங்க் கடைசியில 1042ன்னு வரிசை எண் மாதிரி இருந்தா, அந்தச் செயலியை எழுதினவர்ட்ட அதைக் காட்டி, பக்கத்து எண்ணைப் போட்டா என்ன வரும்னு கேளுங்க. முகம் மாறுறதைப் பாத்தாலே தெரியும்.

சத்துமாவு | 23 நவம்பர், 4.30

பால்வாடிப் பக்கம் வேற மாதிரி ஆபத்து. போஷன் டிராக்கர்ங்கிற அங்கன்வாடிச் செயலியில பதிவுக்கும் முகச் சரிபார்ப்புக்கும் தாய்மாரோட ஃபோனுக்கு ஓடிபி வரும். பணியாளர் கேப்பாங்க, அவங்க சொல்லுவாங்க. இந்தப் பழக்கத்தைத்தான் மோசடிக்காரன் பிடிக்கான். "அங்கன்வாடியில இருந்து பேசுறோம், முத்துலட்சுமி ரெட்டி பணம் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க, க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க"ம்பான். தாயோட பேரு, பிரசவ தேதி எல்லாம் சரியாச் சொல்லுவான், அதனால நம்பிருவாங்க.

தாய்மார் கூட்டத்துல மூணே விஷயம் சொன்னா போதும். ஓடிபி மையத்துல நேருக்கு நேர் உக்காந்துதான், ஃபோன்ல யார் கேட்டாலும் கிடையாது, நான் கேட்டாலும் கிடையாது. பணம் வர்றதுக்கு க்யூஆர் ஸ்கேனோ யுபிஐ பின்னோ தேவையில்லை. வாட்ஸாப்ல கடைசியில "ஏபிகே"ன்னு முடியுற கோப்பு வந்தா தொடக்கூடாது, கல்யாணப் பத்திரிகைன்னு பேர் இருந்தாலும்.

பணம் போயிருச்சுன்னா உடனே 1930. வெக்கப்பட்டுக்கிட்டு மறுநாள் வரைக்கும் இருக்கக்கூடாது. பணம் கைமாறிப் போறதுக்குள்ள சொன்னாத்தான் வங்கியில முடக்க முடியும்.

முந்திரிக்கொட்டை | 24 நவம்பர், 8.10

முந்திரி ஆலை குழந்தைகள் காப்பகத்துக்கும் லைவ் கேமரா கேக்கிறாங்க. அங்க தேவையே இல்லை. மகப்பேறு பயன் சட்டத்துல 2017 திருத்தப்படி (2025 நவம்பர் 21ல இருந்து அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள வந்தாச்சு) 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல காப்பகம் இருக்கணும், தாய் நாளைக்கு 4 தடவை போய்ப் பாக்கலாம். அந்த 4 தடவையை ஒழுங்கா விட்டாலே போதும்.

குழித்துறை_பாலம் | 2 டிசம்பர், இரவு 10.40

யாரும் கேக்காத ஒண்ணு, ஆனா எழுதித்தான் ஆகணும். ஒரு பிள்ளையோட தப்பான படம் யாரோட ஃபோன்லயோ கண்ணுல பட்டுச்சுன்னா, "ஆதாரம்"னு சொல்லி ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டாஃப் குழுவுல போடாதீங்க. அதை அனுப்புறதே ஐடி சட்டம் 67பி பிரிவுலயும் போக்சோவுலயும் குற்றம். ஃபோனை ஏரோப்பிளேன் மோடுல போட்டு, எதையும் அழிக்காம, நேரா போலீஸ். போக்சோ 19வது பிரிவுப்படி சொல்லியே ஆகணும். சொல்லாம மறைச்சா 21வது பிரிவுல 6 மாசம் வரை, நிறுவனப் பொறுப்பாளர்னா ஒரு வருஷம் வரை சிறை. பள்ளிக்கூடப் பேரு கெட்டிரும்னு பேசித் தீர்க்குறவங்களுக்குத்தான் இந்த ஒரு வருஷம். 1098ம் கூப்பிடலாம். படம் இணையத்துல பரவாம தடுக்க "டேக் இட் டவுன்" சேவை உண்டு. படத்தை அவங்களுக்கு அனுப்பத் தேவையில்லை, கைரேகை மாதிரி ஒரு குறியீடு மட்டும் நம்ம கருவியிலேயே உருவாகிப் போகும். ஆனா அது போலீஸ் புகாருக்குப் பிறகு.

வேளிமலை | 7 டிசம்பர், 8.30

தூங்குற அறைக் கேமராவை வாசல் பாக்கத் திருப்பியாச்சு. அப்பாமார்ல ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டாங்க, மத்தவங்களுக்கு வீடியோ போதும். பதிவு எத்தனை நாள் வைக்கணும்? 1 டிபி ஹார்டு டிஸ்க்.

கோட்டார்_சந்தை | 7 டிசம்பர், 9.15

கணக்கு எளுப்பம். ஒரு கேமரா 1 எம்பிபிஎஸ்ன்னா நாளைக்கு 10.8 ஜிபி. 6 கேமரா 24 மணி நேரம் ஓடினா 65 ஜிபி, 15 நாள்ல நிறையும். காலை 8ல இருந்து மாலை 6 வரைக்கும் மட்டும் பதிஞ்சா 27 ஜிபி, 37 நாள் வரும். அத்தனை நாள் வேண்டாம்னா டிவிஆர்ல "எக்ஸ்பயர்டு டைம்" 30ன்னு போடுங்க, தானா அழியும். புகார் வந்தா அந்த நாளை மட்டும் உடனே பென் டிரைவ்ல எடுத்துக்கிடணும், முப்பது நாள் யாருக்காகவும் காத்திருக்காது.

தேதியைப் பாருங்க. டிவிஆர் போர்டுல ஒரு ரூபாய் அளவு பட்டன் பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032. அது செத்துட்டா கரண்டு போய் வரும்போதெல்லாம் தேதி 2000க்கோ 1970க்கோ போயிரும். காட்சி இருக்கும், எந்த நாள்னு நிரூபிக்க முடியாது. பேட்டரியை மாத்தி, என்டிபி (இணையத்துல இருந்து நேரத்தைத் தானா சரி பண்ணுற வசதி) ஆன் பண்ணி, டைம் ஜோன் +5.30.

வேளிமலை | 14 டிசம்பர், 7.50

தேதி 2000ல இருந்தது. பேட்டரிதான். பழைய 500 ஜிபி டிஸ்க் ஒண்ணு கிடக்கு, ஃபார்மேட் பண்ணி பழைய இரும்புக் கடையில போடலாமா?

கோட்டார்_சந்தை | 14 டிசம்பர், 8.20

டிவிஆர்ல ஃபார்மேட் கொடுத்தா பட்டியல்தான் அழியும், காட்சி மேல வேற எழுதுற வரைக்கும் கிடக்கும், மென்பொருள் வச்சு எடுத்திரலாம். கேமரா லென்ஸை எல்லாம் மூடி, அந்த டிஸ்க்கை மாட்டி, நிறையுற வரைக்கும் ஓட விடுங்க. 24 மணி நேரமும் பதிஞ்சா 500 ஜிபிக்கு 8 நாள், கிறிஸ்மஸ் லீவுல முடிஞ்சிரும். அவசரம்னா டிரில்லால நடு அச்சைச் சுத்தி மூணு இடத்துல தகடு வரைக்கும் துளை. 3.5 இன்ச் டிஸ்க்ல தகடு பெரும்பாலும் அலுமினியம், துளை விழும். லேப்டாப் டிஸ்க்ல கண்ணாடித் தகடா இருக்கலாம், பொடிஞ்சு தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிடுங்க டீச்சர்.